எருமையும் ஒட்டுப்பாலும்: மூடா ஆற்றங்கரையில் களவின் வரலாறு

மூடா ஆறு மலாக்கா நீரிணையில் கலக்கும் இடத்தில், அதன் வடகரையில் இருக்கிறது கோத்தா கோலா மூடா. இன்று இது கெடா மாநிலத்தின் மீனவர் ஊர். ஏலக்காரரின் காதில் ஆளுக்கொரு விலையைக் கிசுகிசுக்கும் மீன் சந்தைக்குப் பெயர் போனது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை மலேசியாவில் கடுமையாகத் தாக்கிய கரைகளில் ஒன்று. ஊரின் முகப்பில் ஓடும் ஆறு மாநில எல்லையும்கூட. தென்கரை பினாங்கின் செபராங் பிறையைச் சேர்ந்தது. இந்த வட்டாரத்தில் எது களவு, யார் கள்வன் என்ற கேள்விகளுக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் இரு கரைகளிலும் இருவேறு விடைகள் இருந்தன. அதற்குக் காரணம் இந்த எல்லைதான்.

1786இல் பினாங்குத் தீவைப் பெற்ற கிழக்கிந்தியக் கம்பெனி, 1800இல் கெடா சுல்தானுடன் செய்த ஒப்பந்தத்தால் தீவுக்கு எதிரே உள்ள கரையோர நிலப்பட்டையையும் பெற்றது. ஆண்டுக்கு 6,000 டாலராக இருந்த கொடை 10,000 டாலராக உயர்ந்தது. பட்டையின் வட எல்லை மூடா ஆறு. வெல்லஸ்லி மாகாணம் என்று வெள்ளையர் பெயரிட்ட அந்தத் தென்கரையில் ஆங்கிலச் சட்டம் நடந்தது. பினாங்கு நீதிமன்றத்துக்கு 1807இல் அரச சாசனம் வந்திருந்தது. வடகரையில் சுல்தானின் ஆணையும் ஊர்த்தலைவரான பெங்ஹூலுவின் சொல்லும் நடந்தன. கொஞ்சம் தண்ணீரைத் தாண்டினால் வேறு அரசு, வேறு தண்டனை. ஒரு கரையில் குற்றம் செய்தவன் மறு கரையில் ஒதுங்குவது எளிது. கம்பெனிக்கும் கெடாவுக்கும் இடையிலான தொடக்ககால ஒப்பந்தங்களிலேயே தப்பி ஓடியவர்களை ஒப்படைப்பது பற்றிய விதிகள் இடம்பெற்றதில் வியப்பில்லை.

கெடாவுக்கு எழுத்தில் அமைந்த சட்டங்கள் இருந்தன. 1650ஐச் சேர்ந்த துறைமுகச் சட்டமும், 1667இல் தாதோ ஸ்ரீ படுகா துவான் பெயரில் வந்த ஆணைத் தொகுப்பும் அவற்றில் முக்கியமானவை. ஆர். ஓ. வின்ஸ்டெட் 1928இல் இவற்றைப் பதிப்பித்து மொழிபெயர்த்தார். துறைமுகச் சட்டத்தின் கவலை கப்பல், வரி, வெளிநாட்டு வணிகர் ஆகியவற்றைப் பற்றியது. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த வணிகர்களும் அந்த வணிகரில் அடக்கம். 1667 ஆணையின் கவலை வேறு. திருடனையும் கொள்ளைக்காரனையும் அது சேவற்சண்டைக்காரன், அபினி புகைப்பவன், குடிகாரன் ஆகியோரோடு ஒரே வரிசையில் வைத்து, அவர்கள் மேல் கண் வைக்கும் பொறுப்பை ஊர்த்தலைவர்களிடம் தருகிறது. களவு அங்கே தனி மனிதனின் உடைமைக்கு எதிரான குற்றம் என்பதைவிட ஊர் ஒழுங்குக்கு வந்த கேடாகவே பார்க்கப்பட்டது.

தென்கரைச் சட்டத்தின் நோக்கு முற்றிலும் வேறு. ஆங்கிலப் பொதுச்சட்டத்தில் களவுக்கு 'லார்சனி' என்று பெயர். பிறர் உடைமையை எடுத்துக் 'கொண்டுபோக' வேண்டும் என்பது அதன் அடிப்படை. மண்ணும் மண்ணோடு ஒட்டியிருப்பவையும் கொண்டுபோகக்கூடியவை அல்ல என்பதால், நிற்கும் மரத்தை வெட்டி அதே மூச்சில் தூக்கிச் சென்றவன் பழைய பொதுச்சட்டப்படி லார்சனி செய்தவன் ஆகமாட்டான். வெட்டிப் போட்டுவிட்டு மறுநாள் வந்து எடுத்தால் ஆவான். வினோதமான இந்த நுணுக்கத்தைச் சரிக்கட்ட இங்கிலாந்தில் தனித்தனியாகப் பல சட்டங்கள் இயற்ற வேண்டியிருந்தது. தோட்டப் பயிரை நம்பி வாழப்போகும் ஒரு நாட்டுக்கு இது பொருந்தாத சட்டம் என்பது பின்னால் தெரியவரும்.

நிலத்துக் களவைவிடக் கடற்கொள்ளையில்தான் பெயர் சூட்டும் அதிகாரம் எவ்வளவு பெரியது என்பது நன்கு விளங்கும். 1821இல் சயாம் கெடாவைக் கைப்பற்றியது. சுல்தான் அகமது தாஜுதீன் ஹாலிம் ஷா பினாங்கில் தஞ்சம் புகுந்தார். 1826இல் ஆங்கிலேயர் சயாமுடன் செய்துகொண்ட பர்னி ஒப்பந்தம் கெடா சயாமின் கையில் இருப்பதை ஏற்றுக்கொண்டது. அதன் பிறகு இழந்த நாட்டை மீட்கப் படகேறியவர்கள் எல்லாரும் ஆங்கில ஆவணங்களில் கடற்கொள்ளையர் ஆனார்கள். 1831இல் துங்கு குடின் நடத்திய எழுச்சியும், 1838இல் துங்கு முகமது சாட், வான் மாட் அலி ஆகியோர் நடத்திய எழுச்சியும் இந்தக் கணக்கில்தான் எழுதப்பட்டன. 1838இல் கெடாக் கரையை முற்றுகையிட்ட பிரிட்டிஷ் படகுகளில் இளம் அலுவலராக இருந்த ஷெரார்ட் ஆஸ்பர்ன், 1857இல் வெளியிட்ட தம் நினைவு நூலில் வான் மாட் அலியை மதிப்போடுதான் குறிப்பிடுகிறார். கொள்ளைக்காரர் என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள் நாட்டுக்காகப் போராடுபவர்கள் என்பது அந்த இளைஞருக்கே விளங்கியிருந்தது. இதே கரையை 1025ஆம் ஆண்டளவில் கடல் கடந்து வந்து தாக்கிய ராஜேந்திர சோழன் கடாரத்து அரசனின் யானைகளையும் குவித்து வைத்திருந்த செல்வத்தையும் அள்ளிச் சென்றதை அவனுடைய மெய்க்கீர்த்தியே பெருமையாகப் பட்டியலிடுகிறது. அதைக் களவு என்று எந்தக் கல்வெட்டும் சொல்லவில்லை. அவனுக்குக் கிடைத்த பட்டம் 'கடாரம் கொண்டான்'.

சுல்தான் 1842இல் அரியணைக்குத் திரும்பினார். அதற்கடுத்த பல பத்தாண்டுகள் மூடா ஆற்றின் இரு கரைகளிலும் அன்றாடத் தலைவலியாக இருந்தது எருமைத் திருட்டு. நெல் விளையும் தாழ்நிலத்தில் எருமைதான் உழவு, எருமைதான் வண்டி, எருமைதான் சேமிப்பு. நிலத்தைத் தூக்கிச் செல்ல முடியாது. நெல்லைத் தூக்குவது பாரம். எருமையோ தானாகவே நடந்து வரும், ஆற்றையும் நீந்திக் கடக்கும். இரவில் ஓட்டிச் சென்ற மாடு விடிவதற்குள் வேறு அரசின் எல்லைக்குள் இருக்கும். 1869இல் ஆங்கிலேயரும் சயாமும் வெல்லஸ்லி மாகாணத்தின் எல்லையைத் திருத்தி வரையறுத்த பிறகும் நிலைமை மாறவில்லை. சுல்தான் அப்துல் ஹமீதின் 1882 முதல் 1943 வரையிலான கடிதத் தொகுதி 2001இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது. கெடா அரண்மனை அக்காலத்தில் பாங்காக்குடனும் பினாங்கு அதிகாரிகளுடனும் ஓயாமல் எழுதிக்கொண்டிருந்ததை அத்தொகுதி காட்டுகிறது.

மாட்டைப் பறிகொடுத்தவன் நீதிமன்றத்துக்குப் போவதைவிட இடையாள் ஒருவரைத் தேடிப் போவதே வழக்கம். இடையாள் வழியாகக் கள்வனுக்கு ஒரு தொகை போகும், மாடு திரும்பி வரும். தமிழ் வாசகர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. மதுரை, திருநெல்வேலி வட்டாரங்களில் 'துப்புக்கூலி' என்று பெயர் பெற்ற ஏற்பாடும் இதுவே. களவுபோன மாட்டைப் பற்றித் துப்புச் சொல்லி மீட்டுத் தருபவருக்கு உரியவர் கொடுக்கும் பணம் அது. ஊர்க்காவலும் துப்புக்கூலியும் சேர்ந்து ஒரு முறையாகவே அங்கே இயங்கின. மாட்டின் விலையில் ஒரு பங்கைத் தந்து மாட்டை மீட்பது, வழக்கு நடத்தி மாட்டையும் இழந்து வேலையையும் இழப்பதைவிட மேல் என்பது இரு நாட்டு உழவனின் கணக்கும். அரசாங்கத்தின் கணக்கு வேறு. கெடாவில் மாட்டுக்குப் பதிவுச் சீட்டு வந்தது. சென்னை மாகாணத்திலோ 1911இல் குற்றப் பரம்பரைச் சட்டம் வந்து, காவல் காத்த சமூகங்களையே பிறவிக் குற்றவாளிகள் ஆக்கியது. அச்சட்டத்தின் கைரேகைப் பதிவை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3ஆம் நாள் துப்பாக்கிச் சூடு நடந்தது. தோட்ட வேலைக்காக நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கியவர்கள், இப்படிப்பட்ட சட்டங்களின் நிழலிலிருந்து வந்தவர்கள்.

கெடாவிலும் கொள்ளைக்காரருக்கும் ஊர்த் தலைவருக்கும் இடையே இருந்த கோடு தெளிவானதல்ல. செல்வாக்குள்ள பெங்ஹூலுக்களின் பின்னால் அடியாட்கள் இருந்தனர். அந்த அடியாட்களில் சிலர் தனியே பிரிந்து கொள்ளைக் கூட்டம் சேர்த்தனர். வரலாற்றாசிரியர் சியா பூன் கெங் 1900 முதல் 1929 வரையிலான கெடாவின் குடியானவக் கொள்ளையர்களைப் பற்றி 1988இல் எழுதிய நூல் இதை விரிவாக ஆராய்கிறது. சயாம் எல்லையை ஒட்டிய வடகெடாவில் நடமாடிய நாயான், சாலே துய் ஆகிய இருவரின் பெயர்கள் அதனால் பரவலாகத் தெரியவந்தன. காவல்துறை ஏடுகளில் அவர்கள் கொலைகாரர்கள். ஊர்க் கதைகளில் பணக்காரனிடம் பறித்து ஏழைக்குக் கொடுத்தவர்கள். அவர்கள் பறித்ததில் ஏழையின் மாடும் உண்டு என்பதை ஊர்க் கதைகள் வசதியாக மறந்துவிடுகின்றன.

இந்தப் பின்னணியில்தான் நவீனத் தண்டனைச் சட்டம் வந்தது. மெக்காலே 1837இல் வரைந்து, 1860இல் நிறைவேறி, 1862 ஜனவரி 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தையே, பினாங்கை உள்ளடக்கிய நீரிணைக் குடியேற்றங்கள் 1871இல் தமக்கென எடுத்துக்கொண்டன. 1872 செப்டம்பரில் அது தென்கரையில் அமலானது. வடகரைக்கு அது வரச் சில பத்தாண்டுகள் ஆயின. 1905இல் கடனில் சிக்கிய கெடாவுக்குச் சயாம் 26 லட்சம் டாலர் கடன் தந்து ஒரு நிதி ஆலோசகரையும் அனுப்பியது. மாநில மன்றமும் அதே ஆண்டில் அமைந்தது. 1909 மார்ச் 10ஆம் நாள் பாங்காக்கில் கையெழுத்தான ஒப்பந்தம் கெடாவைச் சயாமிடமிருந்து பிரிட்டனின் பாதுகாப்புக்கு மாற்றியது. ஜார்ஜ் மாக்ஸ்வெல் முதல் பிரிட்டிஷ் ஆலோசகராக வந்தார். காவல்துறையும் நீதிமன்றமும் அண்டை மாநிலங்களின் அச்சில் வார்க்கப்பட்டன. இன்று ஆறு கடந்தாலும் ஒரே சட்டம். மலேசியத் தண்டனைச் சட்டம் 574ஆம் எண் சட்டமாக நாடு முழுவதற்கும் பொது. பிரிவு எண்கள் இந்தியப் பழைய சட்டத்தின் எண்களே. 378 திருட்டு, 390 கொள்ளை, 411 திருட்டுப் பொருளைப் பெறுதல். இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டம் வந்து இந்த எண்கள் மறைந்துவிட்டன. கெடாவில் அவை இன்னும் உயிரோடு இருக்கின்றன.

மெக்காலே 'லார்சனி' என்ற சொல்லைத் தொடவே இல்லை. அவர் எடுத்துக்கொண்டது பொதுமக்கள் பேசும் 'தெஃப்ட்' என்ற எளிய சொல். இங்கிலாந்தே லார்சனியைக் கைவிட 1968 வரை ஆயிற்று. 378ஆம் பிரிவின்படி, பிறர் வசம் இருக்கும் அசையும் பொருளை, அவர் சம்மதமின்றி, நேர்மையற்ற எண்ணத்தோடு, எடுப்பதற்காக அசைத்தாலே அது திருட்டு. தூக்கிக்கொண்டு வெகுதூரம் போக வேண்டியதில்லை. பிரிவோடு சேர்ந்துள்ள எடுத்துக்காட்டுகள் ஆசியக் கிராமத்தைக் கண்முன் வைக்கின்றன. பெட்டி சுமந்து வரும் காளையை ஒருவன் தான் விரும்பிய பக்கம் ஓட்டுகிறான். காளை அடி எடுத்து வைத்ததுமே பெட்டியிலிருக்கும் செல்வத்தை அவன் திருடியவன் ஆகிறான். எருமைத் திருடனுக்கென்றே எழுதியது போல இருக்கிறது இது. நிற்கும் மரத்தைப் பற்றிய பழைய சிக்கலையும் ஒரு விளக்கம் தீர்த்தது. மண்ணோடு ஒட்டியிருக்கும்வரை அது திருடத்தக்க பொருளல்ல, பிரிந்த கணமே திருடத்தக்கது. வெட்டுவதும் பிரிப்பதும் எடுப்பதும் ஒரே செயலாக இருந்தாலும் குற்றம் குற்றமே.

ஒரு சொல் மட்டும் கடலைத் தாண்டவில்லை. ஐந்து பேரோ அதற்கு மேலோ கூடிச் செய்யும் கொள்ளையை இந்தியச் சட்டம் வட இந்தியச் சொல்லைக் கொண்டு 'டகாய்ட்டி' என்றது. அதே 391ஆம் பிரிவை மலாயாவில் கூட்டுக் கொள்ளை என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரால் குறித்தார்கள். மலேசியச் சட்டத்தில் இன்று இருவர் சேர்ந்தாலே அது கூட்டுக் கொள்ளை. தண்டனை 20 ஆண்டு சிறை வரை போகும், பிரம்படியும் உண்டு.

சட்டம் வந்து சேர்ந்த அதே ஆண்டுகளில் கோலா மூடா மாவட்டத்தின் மேட்டு நிலம் அடையாளம் தெரியாமல் மாறியது. சுங்கை பட்டாணி, பீடோங், மெர்போக் பக்கம் காடு வெட்டப்பட்டு ரப்பர் நடப்பட்டது. ரப்பர் மரமே திருட்டுச் சொத்து என்று சொல்பவர்கள் உண்டு. ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் 1876இல் பிரேசிலின் அமேசான் கரையிலிருந்து சுமார் 70,000 வித்துகளைக் கப்பலேற்றி லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அவற்றில் முளைத்தவை மிகக் குறைவு. பெரும்பகுதி இலங்கைக்குப் போனது. 1877இல் சிங்கப்பூருக்கு வந்தவை 22 கன்றுகள். மலாயாவின் பெரும்பாலான ரப்பர் மரங்கள் அவற்றின் வழித்தோன்றல்கள்தான். சுங்க அதிகாரிகளை ஏமாற்றி வித்தைக் கடத்தியதாக விக்கம் பிற்காலத்தில் தாமே கதை சொல்லிக்கொண்டார். பிரேசிலில் அவர் பெயர் கள்வர் வரிசையில் நிலைத்தது. ஆனால் 1876இல் ரப்பர் வித்தை ஏற்றுமதி செய்யக்கூடாது என்று பிரேசிலில் சட்டம் எதுவும் இல்லை. அமெரிக்க வரலாற்றாசிரியர் வாரன் டீன் இதை எடுத்துக்காட்டியிருக்கிறார். பிரேசிலுக்குக் காப்பியே பிரெஞ்சு கயானாவிலிருந்து 1727இல் இரகசியமாக வந்தது என்பது அந்நாட்டவர் மகிழ்ந்து சொல்லும் கதை. வித்து போகும் நாட்டில் அது சாகசம், பிரியும் நாட்டில் அது களவு.

1910 ஏப்ரலில் லண்டனில் ஒரு பவுண்டு ரப்பரின் விலை 12 ஷில்லிங்கைத் தாண்டியது. தோட்டக்காட்டில் மரத்துக்கு மரம் மங்கு என்ற திறந்த கிண்ணத்தில் தொங்கிக்கொண்டிருந்த வெள்ளைப் பாலின் மதிப்பு அது. ஆயிரக்கணக்கான ஏக்கரில், பூட்டில்லாமல், விடியற்காலை இருட்டில் கிடக்கும் செல்வம் வேறு தொழில்களில் அரிது. பால்வெட்டுக்காரர் கோடு போட்டதும் பால் மங்கில் இறங்குகிறது. வெயில் ஏறுவதற்குள் வாளியில் சேர்த்துக் காண்டாக் கம்பில் சுமந்து ஸ்டோருக்குக் கொண்டுபோக வேண்டும். வாளி போன பின்னும் மரம் சொட்டிக்கொண்டே இருக்கும். அந்தச் சொட்டு மங்கிலேயே உறைந்து கட்டிப்பால் ஆகிறது. பட்டைக் கோட்டில் காய்ந்தது ஒட்டுப்பால். தரையில் சிந்தியது மண்ணோடு சேர்ந்த பால். திரவப் பாலைத் திருடுவது கடினம், சீக்கிரம் உறைந்துவிடும், வாளியும் தேவை. கட்டிப்பாலையும் ஒட்டுப்பாலையும் சாக்கில் போட்டு ஒளித்து வைக்கலாம், நாள் பார்த்து விற்கலாம். தோட்டத் திருட்டு என்றாலே இவ்விரண்டும்தான் என்றானது.

378ஆம் பிரிவு ரப்பருக்குப் பொருந்திய விதம் கச்சிதமானது. பட்டைக்குள் இருக்கும்வரை பால் மரத்தின் பகுதி, மரம் மண்ணின் பகுதி. கத்தி பட்டதும் அது அசையும் பொருள். பால்வெட்டுக்காரரின் வாளியில் இருந்தாலும் அது அவர் வசம் இருப்பதாகச் சட்டம் கருதாது. முதலாளிக்காக வேலையாள் வைத்திருக்கும் பொருள் முதலாளி வசம் உள்ளதே என்று 27ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே தன் நிரையில் தன் கையால் வெட்டிய பாலில் ஒரு கட்டியை வீட்டுக்குக் கொண்டுபோனாலும் அது திருட்டு. சாதாரணத் திருட்டுகூட அல்ல. எழுத்தரோ வேலையாளோ எசமானரின் பொருளைத் திருடுவதற்கு 381ஆம் பிரிவு தனியாக இருக்கிறது, அதற்குத் தண்டனையும் கூடுதல். வெளியாள் புகுந்து திருடுவதைவிட உள்ளாள் எடுப்பது பெரிய குற்றம் என்பது அதன் பொருள். துரை, எழுத்தரான கிராணி, மேற்பார்வையாளர்களான மண்டோர், கங்காணி என்று அடுக்கடுக்காக நின்ற தோட்டத்தில் இந்தப் பிரிவின் பளுவை முழுதாகச் சுமந்தது அடியில் நின்றவரே.

திருடியவரைவிட வாங்கியவரைப் பிடிப்பது எளிது என்பதை மலாயா அரசாங்கங்கள் சீக்கிரமே கண்டுகொண்டன. ரப்பர் பாலுக்கு எருமையைப் போல அடையாளச் சூடு கிடையாது. இந்தக் கட்டி எந்தத் தோட்டத்து மரத்திலிருந்து வந்தது என்று எந்த நீதிபதியாலும் சொல்ல முடியாது. சிறுதோட்டக்காரர்கள் ஆயிரக்கணக்கில் இருந்ததால், என் தோட்டத்துப் பால் என்று யாரும் சொல்லிவிடலாம். அதனால் சட்டம் கடைக்காரரின் பக்கம் திரும்பியது. ரப்பர் வாங்கி விற்க உரிமம் வேண்டும், யாரிடம் எவ்வளவு வாங்கினோம் என்று பதிவேடு வைக்க வேண்டும். திருட்டுப் பொருள் என்று நியாயமாகச் சந்தேகிக்கத்தக்க ஒன்றை வைத்திருப்பவர் அது எப்படி வந்தது என்று விளக்கம் சொல்லத் தவறினாலே தண்டிக்கும் விதியும் உண்டு. 1955ஆம் ஆண்டின் சிறு குற்றங்கள் சட்டத்தில் அது இன்றும் இருக்கிறது. குற்றத்தை அரசு நிரூபிக்க வேண்டும் என்ற பொது நெறி இங்கே பாதி தலைகீழாகிறது. சாக்கோடு பிடிபட்டவர்தான் வாய் திறக்க வேண்டும். தோட்டங்கள் தம் பங்குக்கு இரவுக் காவலுக்கு ஜாகா என்ற காவலாளிகளை வைத்தன.

தோட்டத்துக்குள் நடந்த வேறொரு களவு எந்தப் பிரிவிலும் சேராமலே போனது. பாலில் தண்ணீர் கலக்கிறார்கள் என்ற சந்தேகத்தில் மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவியை வாளியில் இறக்கி, உலர் ரப்பர் எவ்வளவு தேறும் என்று அளந்தார்கள். கலந்தவருக்குக் கூலி குறையும், மீண்டும் கலந்தால் வேலையும் போகும். அதே இடத்தில் தராசைப் பிடித்தவரும் எடையைப் புத்தகத்தில் எழுதியவரும் நிர்வாகத்தின் ஆட்கள். எடை குறைத்துப் போடுகிறார்கள் என்பது தோட்டத் தொழிலாளரின் ஓயாத முறையீடு. அது குற்றவியல் நீதிமன்றம்வரை போவது அரிது. தண்ணீர் ஊற்றியவர் ஏமாற்றுக்காரர், எடை குறைத்தவர் கண்டிப்பான கிராணி என்பதே தோட்டத்து வழக்கு.

பாலைவிட விலை உயர்ந்த ஒரு பொருளும் தோட்டங்களில் களவுபோனது: ஆள். தமிழ்நாட்டிலிருந்து ஒருவரை அழைத்து வரக் கப்பல் கட்டணம், கங்காணியின் செலவு, முன்பணம் என்று ஒரு தோட்டம் பணம் போடும். வந்து இறங்கியவர்களைப் பக்கத்துத் தோட்டம் கூடுதல் கூலி காட்டி இழுத்துக்கொள்ளும். மாலுமிகளை ஏமாற்றிக் கப்பலேற்றுபவர்களைக் குறிக்க ஆங்கிலத்தில் இருந்த பழைய சொல்லை எடுத்து, தோட்டத் துரைமார் இதற்குக் 'கிரிம்பிங்' என்று பெயர் வைத்தார்கள். ஆட்கள் வேலைக்கு வரும் நாளுக்கு ஏற்பத் தலைக்காசு பெற்ற கங்காணி, தன் கூட்டத்தோடு வேறு தோட்டம் மாறிவிடுவதும் நடந்தது. ஒப்பந்தக் கூலியாக வந்தவர் தாமே ஓடிப்போனால் அது தண்டனைக்குரிய குற்றம். தன் உடலைத் தானே திருடிக்கொண்டு போனவர் போலத்தான் அவர் நடத்தப்பட்டார். இந்தச் சண்டைக்கு முடிவு கட்டவே 1907இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்டது. தமிழ்த் தொழிலாளரை வைத்திருக்கும் ஒவ்வொரு முதலாளியும், அவர்களை யார் அழைத்து வந்திருந்தாலும், நிதிக்குப் பணம் கட்ட வேண்டும். அந்தப் பணத்தில் இலவசப் பயணம் நடந்தது. அழைத்து வந்த செலவு பொதுவாகிவிட்டதும், ஆளை இழுத்துக்கொள்வதில் இருந்த இலாபம் குறைந்தது. 1910இல் இந்தியர்களுக்கான ஒப்பந்தக் கூலி முறை நிறுத்தப்பட்டது. அதன்பின் மாத நோட்டீஸ் கொடுத்து வேறு தோட்டம் போவது தொழிலாளரின் உரிமையானது. பீடோங்கின் ஹார்வர்டு தோட்டம் போன்ற அமெரிக்கக் கம்பெனித் தோட்டங்கள் கெடாவில் பெரிய அளவில் வளர்ந்தது இந்த மாற்றத்துக்குப் பிறகே.

விலை சரிந்தபோது சட்டம் புதிய குற்றங்களைப் படைத்தது. 1922 முதல் 1928 வரை ஸ்டீவன்சன் திட்டமும், 1934 முதல் பன்னாட்டு ரப்பர் ஒப்பந்தமும் ஒவ்வொரு நிலத்துக்கும் இவ்வளவுதான் விற்கலாம் என்று அளவு வகுத்தன. அளவுக்கு மேல் போனால் சொந்த மரத்துச் சொந்தப் பாலும் கள்ளச்சரக்கு. சிறுதோட்டக்காரர்களுக்கு அவர்களின் மரம் தரக்கூடியதைவிடக் குறைவாகவே அளவு வைக்கப்பட்டது என்பதைப் பொருளியலாளர் பி. டி. பாவர் 1948இல் விரிவாகக் காட்டினார். அந்த 1948 ஜூனில்தான் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போய்விடக்கூடாது என்று, கட்டுப்பாட்டுப் பகுதிகளில் பால்வெட்டப் போகிறவர் கட்டுச்சோறு எடுத்துப்போவதும் தடையானது. குடியிருப்பு வேலியின் கதவில் காவலர்கள் தேடியது வெளியிலிருந்து உள்ளே வரும் ஒட்டுப்பாலை அல்ல, உள்ளிருந்து வெளியே போகும் அரிசியை.

கோலா மூடாவின் ரப்பர்த் தோட்டங்களில் பெரும்பகுதி இன்று செம்பனையாகவும் வீட்டுமனையாகவும் மாறிவிட்டது. களவும் கூடவே மாறியது. செம்பனைக் குலையை மங்கிலிருந்து பால் எடுப்பது போலச் சத்தமில்லாமல் எடுக்க முடியாது. அலக்கு வேண்டும், சுமக்க வண்டி வேண்டும். எனவே அது தனியாளின் திருட்டாக இல்லாமல் லாரியோடு வருபவர்களின் திருட்டானது. மருந்து மட்டும் பழையதே. 2000இல் அமைந்த மலேசிய செம்பனை வாரியம் குலை வாங்குபவருக்கு உரிமம் தருகிறது, உரிமமில்லாமல் வாங்குவது குற்றம். மிஞ்சிய ரப்பருக்கும் அப்படியே. 1998இல் மூன்று நிறுவனங்களை இணைத்து உருவான மலேசிய ரப்பர் வாரியம் சிறுதோட்டக்காரருக்கும் பால்வெட்டுபவருக்கும் 'பாட்-ஜி' என்ற அட்டை வழங்குகிறது. அட்டையைக் காட்டித்தான் கட்டிப்பாலை விற்க முடியும்.

சுங்கை பட்டாணி போன்ற ஊர்களில் இன்று திருட்டு என்றதும் முதலில் நினைவுக்கு வருவது மோட்டார் சைக்கிள், செப்புக் கம்பி, சங்கிலிப் பறிப்பு. மோட்டார் வாகனத் திருட்டுக்கு 379ஏ என்று தனிப் பிரிவே சேர்க்கப்பட்டது. சங்கிலிப் பறிப்பை மலாய்க்காரர் 'ராகுட்' என்கிறார்கள், தமிழ் நாளேடுகள் வழிப்பறி என்றும் எழுதுகின்றன. மோட்டார் சைக்கிளில் வந்து கழுத்துச் சங்கிலியை இழுத்துக்கொண்டு போவது 378இன் திருட்டா, 390இன் கொள்ளையா என்பதில் வேறுபாடு பெரிது. திருட்டுக்கு முதல் முறை 7 ஆண்டு சிறை வரை, அல்லது அபராதத்தோடு விட்டுவிடவும் இடமுண்டு. கொள்ளை என்றால் தண்டனை ஏறிவிடும். பொருளை எடுப்பதற்காகக் காயம் உண்டாக்கினார்களா, உடனே காயம் நேரும் என்ற அச்சத்தை உண்டாக்கினார்களா என்பதே இரண்டையும் பிரிக்கும் சோதனை. சங்கிலி அறுந்து போனதோடு கழுத்தில் கீறலும் விழுந்திருந்தால் அரசுத் தரப்பு 390ஐ நாட இடம் உண்டு. அதனால்தான் புகார் எழுதும் காவலர் பறிபோன சங்கிலியின் எடையோடு காயத்தையும் கேட்டுக் குறித்துக்கொள்கிறார், மருத்துவமனைச் சீட்டும் வழக்கோடு சேர்க்கப்படுகிறது.